முப்பது பாகை

பொன் பூசிய கண்ணாடித் துண்டுகள் ஐந்து
பேராதனையிலிருந்து தபாலில் வந்தன,
பஞ்சில் சுற்றி, பழைய மாத்திரைப் பெட்டியில்.
ஒன்று மூலை உடைந்திருந்தது.
கையொப்பம் வாங்கிய தபால்காரர்
"நகையோ?" என்றார்.
நகைதான் என்றேன், விரல் நகத்தளவு.
போடப் போகிறவர்களை மட்டும்
நாங்கள் இன்னும் கண்டதில்லை.

கோணேசபுரியில்
யன்னலைத் திறந்தால் கடல் உள்ளே வந்து
தராசுத் தட்டில் உட்கார்ந்துகொள்ளும்.
பஸ்மிலா யன்னலைச் சாத்திவிட்டு
எதனோலில் ஒரு துளி தயோல் விட்டாள்.
அழுகிய வெங்காயம், கலங்கிய முட்டை,
மழைக்குப் பிந்திய வாய்க்கால்,
எல்லாம் ஒன்றாய் எழுந்து
எங்கள் உடுப்புக்குள் குடிபுகுந்தன.

துண்டுகளை அமிழ்த்தி
அலுமாரி இருட்டில் வைத்தோம்.
இனி எங்களுக்கு வேலையில்லை.
கந்தகத் தலை பொன்னைத் தேடிப் பற்றும்.
முதலில் வருபவை காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்,
இடம் தாராளம்.
பின்னால் வருபவை நெருக்க நெருக்க
ஒவ்வொன்றாய் எழுந்து நிற்கும்.
நேராக அல்ல, கொஞ்சம் சரிந்து,
முப்பது பாகை, எல்லாம் ஒரே பக்கம்.
ஒன்றரை நனோமீற்றர் உயரத்தில் ஒரு படலம்.
இந்த வரியை நீங்கள் வாசித்து முடிக்குமுன்
உங்கள் நகம் அதைவிட வளர்ந்துவிடும்.

வரிசை எங்களுக்குப் புதிதல்ல.
இறங்கு, நட, அட்டையைக் காட்டு, ஏறு.
மண்ணெண்ணெய்க்கு நின்றோம், மாவுக்கு நின்றோம்,
போன வருஷம்போல பெற்றோலுக்கும்.
ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும்
ஒரு தொண்டை கத்திக்கொண்டிருந்தது.
இருட்டுப் போத்தலுக்குள் கத்த யாருமில்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது.
பிடித்ததாலேயே
இரண்டு தரம் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து பார்த்தேன்.

மாலை பஸ் வெறுமையாய் வந்தது.
மீன்பெட்டிக்காரர் ஒருவர்
மூன்று பேர் ஆசனத்தில் நீட்டிக் கிடந்தார்.
உப்புவெளியில் டியூட்டரிப் பிள்ளைகள் ஏற
கால்களை மடக்கினார்.
பஸ்நிலையத்தில் ஊரே ஏற
எழும்பி நின்றார், பெட்டி தலைக்கு மேலே.
மட்கோ வளைவில் சாரதி வெட்டித் திருப்ப
எழுபது உடம்பும் ஒரே பக்கம் சாய்ந்தன,
எவரும் எவரையும் பார்க்காமல்.
"பஸ்மிலா, முப்பது இருக்குமோ?"
"இருபத்தெட்டு" என்றாள், சிரிக்காமல்.

எங்களைச் சுற்றி மட்டும் ஒரு முழ வெற்றிடம்.
மிதிபலகையில் தொங்கியவனும்
அந்த இடத்துக்கு வர மறுத்தான்.
கொண்டக்டர் மூக்கைப் பொத்தி
தூர நின்றே காசு வாங்கினார்.
சீனக்குடாவில் நான் இறங்க
வெற்றிடம் பாதியாய்ச் சுருங்கி
பஸ்மிலாவோடு கிண்ணியாவுக்குப் போயிற்று.

மறுநாள் கரண்ட் இல்லை.
நைதரசன் தீர்ந்து மூன்று மாதம்,
பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால்
ஈரத்தை ஊதி விரட்டினோம்.
ஒவ்வொன்றிலும் ஒரு நீர்த்துளி.
நேற்றுவரை பரந்து வழிந்த தண்ணீர்
இன்று தன்னைச் சுருட்டிக்கொண்டு
கால் வைக்கக் கூசி நின்றது.
போனில் படமெடுத்து
பள்ளிக்கூடப் பாகைமானியைத் திரையில் வைத்தாள்.
நூற்றியெட்டு. நூற்றியேழு. நூற்றியெட்டு.
நூற்றியொன்பது என்று சொல்லிவிட்டு
வெளியே போய் ஒரு மானை விரட்டிவிட்டு வந்தாள்,
எங்கள் மதியச் சோற்றுப் பையை அது மோந்துகொண்டிருந்தது.

மூலை உடைந்த துண்டில் எண்பத்தொன்று.
துளி ஒரு பக்கம் தளர்ந்து கிடந்தது.
இதன் மேல் இன்னோர் உலோகம் வைத்தால்
மின்சாரம் அந்த ஓட்டையால்தான் நழுவும்,
சாதனம் சாதனமாய் இராது.
"அழிச்சுவிடவா?" பென்சிலைத் திருப்பிப் பிடித்தாள்.
வேண்டாம், இருக்கட்டும்.
அந்த இடத்துக்குப் பக்கத்தில்
யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு
தள்ளி நின்றிருப்பார்கள்.